மறுபடியும் கடை எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவருக்கு 53 வயது, எனக்கு 48. பட்டணத்தில் ஆறு மேசை போட்டு உணவுக்கடை நடத்தி வந்தோம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும், உட்கார்ந்து சாப்பிட ஆள் வரக்கூடாது என்றாகிவிட்டது. திறந்தும் மூடியுமாக ஓராண்டு இழுத்தோம். 2021 ஜூனில் மறுபடியும் முழு அடைப்பு வந்தபோது வாடகை கட்ட வழியில்லாமல் கடையை விட்டுவிட்டோம். அன்று முதல் வீட்டில் சமைத்துப் பொட்டலம் கட்டுகிறோம். மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். நாளைக்குச் சராசரி 70 பொட்டலம் போகிறது. 2022 முதல் ஒன்று 7 வெள்ளி (ரிங்கிட்). அதில் 40 பொட்டலம் ஒரே தோட்டக் குத்தகைக்காரரின் ஆட்களுக்குப் போகிறது. அவர் மாதம் பிறந்து 7ஆம் தேதிதான் பணம் தருவார். உதவிக்கு ஓர் அக்கா காலை 5 மணியிலிருந்து 10 மணி வரை வருகிறார், நாளுக்கு 30 வெள்ளி. செலவு போக மாதம் 3,400 வெள்ளி மிஞ்சுகிறது.

இப்போது பழைய கடைவரிசையிலேயே 1,400 வெள்ளி வாடகைக்கு ஒரு கடை காலியாகிறது. முன்பணம், அடுப்படி வேலை எல்லாம் சேர்த்து 25,000 வெள்ளி வேண்டும். ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கில் இருப்பது, கூட்டு (சீட்டு) பிடித்த பணம், மீதிக்குக் கடன் என்கிறார் கணவர். இரண்டு வருடத்தில் 55 வயதுப் பணம் வந்துவிடும், அடைத்துவிடலாம் என்கிறார். கொரோனாக் காலத்தில் நான்கு முறை அதில் கைவைத்துவிட்டோம். பழைய பெயர்ப்பலகையை இன்னும் அவர் தூக்கிப் போடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. என் தம்பி 2020இல் ஒரு ஹோட்டலில் வேலை இழந்தான். ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எந்த உதவியும் கிடைக்கவில்லை. இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடமாக இருக்கிறான், சம்பளம் 2,300. அங்கும் வேலை குறைந்துவிட்டதாம். 2,000 வெள்ளி தருகிறோம், நீயாகவே விலகுவதாக எழுதிக் கொடு என்கிறார்களாம். எழுதிக் கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையை இந்தப் பணத்தைக் கொண்டு எடுக்க வேண்டாம். உங்கள் தம்பி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் கணவரின் ஆசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நாலு பேர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும் கடையை நடத்தியவர் அவர். பின்கட்டில் நின்று பொட்டலம் மடிப்பது அவருக்கு எவ்வளவு பெரிய இறக்கமாகத் தெரியும் என்பது சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மாதம் மிஞ்சும் 3,400 வெள்ளியை லாபம் என்று வைத்துக்கொண்டு அவர் திட்டம் போடுகிறார். அது லாபம் இல்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 70 பொட்டலம், 7 வெள்ளி, 26 நாள்: விற்பனை 12,740. அரிசி, கோழி, மீன், காய்கறி, எண்ணெய் எல்லாம் 6,900. பொட்டலத் தாளும் பையும் 600. எரிவாயு 300, பெட்ரோல் 500, மின்சாரமும் தண்ணீரும் 250, அக்காவுக்கு 780. கழித்தால் 3,410. கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. இவ்வளவு ஒழுங்காக எழுதி வைப்பவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பக்கத்தில் மூன்று பேரைக் காணவில்லை. விடியுமுன் அடுப்பு மூட்டும் நீங்கள், கூடவே நிற்கும் கணவர், மழையிலும் வெயிலிலும் வண்டி ஓட்டும் மகன். மூன்று பேருக்கும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை எழுதிப் பாருங்கள். 5,100 ஆகிறது. தொழில் தருவது 3,410. ஆக, மாதாமாதம் 1,690 வெள்ளி உழைப்பை நீங்கள் மூவரும் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தொற்றுக்காலத்தைத் தாண்டி வந்த சிறு கடைகள் பலவற்றில் நான் காண்பது இதுதான். வீட்டு ஆட்களின் கூலியில்லா உழைப்பும் முதுமைக்கு வைத்த பணமும் சேர்ந்துதான் அந்தத் தொழில்களைத் தாங்கின. வீட்டிலிருந்து கடைக்கு என்ன போனது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அதனால் தாக்குப்பிடித்த தொழில், லாபம் தரும் தொழிலாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

சேமநிதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் அதிலிருந்து பணம் எடுக்கத் திறந்துவிட்ட வழிகள் நான்கு: ஐ-லெஸ்தாரியில் மாதம் 500 வெள்ளி வீதம் 12 மாதம், பிறகு ஐ-சினார், 2021இல் ஐ-சித்ராவில் 5,000, 2022இல் சிறப்பு அனுமதியில் 10,000. இந்த நான்கு வழியாக நாடு முழுவதும் தொழிலாளர்கள் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. பசித்த வயிற்றுக்கு அன்றைக்கு வேறு வழியில்லை, எடுத்தவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரின் வயோதிகப் பணத்தை அவரிடமே எடுத்துக் கொடுப்பதை உதவித் திட்டம் என்று அழைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கணவர் எவ்வளவு எடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. லெஸ்தாரி, சித்ரா, 2022ஆம் ஆண்டுத் தொகை மூன்றையும் முழுதாக எடுத்திருந்தால், சினாரைச் சேர்க்காமலே 21,000 வெள்ளி. அதை எடுத்த பிறகும் நிதி லாப ஈவு கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது: 2021க்கு 6.10 விழுக்காடு, 2022க்கு 5.35, 2023க்கு 5.50, 2024க்கு 6.30. போனது முதல் மட்டும் இல்லை.

அவர் கணக்கில் இன்று முதலாளி என்று எவரும் 13 விழுக்காடு போடுவதில்லை. ஆகவே 55 வயதில் வரப்போகும் பணம் என்று அவர் சொல்வது, ஏற்கெனவே செலவானதன் மிச்சம். அதைக் காட்டிக் கடன் வாங்கினால் 55 வயதில் அவரிடம் ஒரு கடையும் ஒரு கடனும் இருக்கும், சேமநிதி இருக்காது. மூன்றாவது கணக்கை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பது 2024 மே மாதத்தில் வந்த வசதி. அவசர வைத்தியச் செலவுக்கு அது இருக்கட்டும்.

கடை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வாடகை 1,400. விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டி, தண்ணீர் எல்லாம் கூடுதலாக ஒரு 400 என்று குறைத்தே வைக்கிறேன். மேசை கவனிக்க முழுநேர ஆள் ஒருவர் வேண்டும். 1,700 சம்பளம், அதன்மேல் சேமநிதி, சொக்சோ (பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வேலைக் காப்புறுதி சேர்த்தால் ஏறத்தாழ 1,950. ஆக மாதம் 3,750 வெள்ளி புதிய செலவு. ஒரு பொட்டலத்தில் பொருளும் தாளும் போக உங்களுக்கு நிற்பது 2 வெள்ளி 88 காசு. 3,750ஐ ஈடுகட்ட நாளைக்கு இன்னும் 50 சாப்பாடு விற்க வேண்டும். 70ஐ 120 ஆக்கினால்தான் இன்று நிற்கும் அதே இடத்தில் நிற்பீர்கள். கடன் தவணையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

மேசைபோட்ட கடையில் தேநீரும் பலகாரமும் போகும், அதில் லாபம் கூடுதல் என்று உங்கள் கணவர் சொல்வார். சரியான பேச்சுத்தான். அவர் முன்பு கடை நடத்தியவர், எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். எத்தனை தேநீர், எத்தனை வடை என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பழைய கடையின் நினைவை நம்பாமல், அந்த வரிசையில் இப்போது திறந்திருக்கும் கடைகளுக்குக் காலையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு வாரம் போய் உட்கார்ந்து எண்ணி எழுதட்டும். தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்ட குடும்பங்கள் இன்று எங்கே சாப்பிடுகின்றன, பொட்டலம் வாங்குகின்றனவா, உட்காருகின்றனவா என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைக்கு முன்பாகச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு, அதற்கு ஒரு காசும் செலவில்லை. விலையை 7 வெள்ளி 50 காசாக்குங்கள். 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறியது, அதே ஆண்டு நவம்பரில் கோழிக்கு இருந்த விலைக்கட்டுப்பாடும் உதவித்தொகையும் போயின. நீங்கள் மட்டும் 2022ஆம் ஆண்டு விலையிலேயே நிற்கிறீர்கள். ஐம்பது காசு ஏற்றினால், யாரும் விலகாவிட்டால், மாதம் 910 வெள்ளி கூடும். பத்துப் பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டால்கூட 60 பொட்டலத்தில் இன்றைய வருமானமே நிற்கும், வேலையும் குறையும். வாடிக்கையாளரிடம் விலை ஏற்றக் கூச்சமாக இருக்கிறது என்று எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தின் விலையை உங்கள் மகன் பெட்ரோல் புகையில் கட்டிக்கொண்டிருக்கிறான், சகோதரி.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது கடை இல்லை, அந்தக் குத்தகைக்காரர். நாற்பது பொட்டலம், 26 நாள் என்றால் மாதக் கடைசியில் அவர் கையில் நிற்கும் உங்கள் பணம் 7,280 வெள்ளி. உங்கள் ஒரு மாத மிச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அடைப்புக் காலத்தில் செம்பனைத் தோட்டங்கள் நிபந்தனைகளோடு இயங்க அனுமதி இருந்தது. ஈப்போவில் ஹோட்டல்கள் கதவைச் சாத்தியபோது தோட்டத்தில் சம்பளம் நடந்தது. உங்களைக் காப்பாற்றியது அந்த வாடிக்கைதான். ஆனால் அவருக்குக் குத்தகை போய்விட்டால், ஆட்களை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டால், ஒரே நாளில் உங்கள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் போய்விடும், நிலுவையும் போய்விடும். வாரம் ஒருமுறை கணக்கு முடிக்கச் சொல்லுங்கள். நிலுவை 1,680ஐத் தாண்டாது. வாய்ப்பேச்சாக இல்லாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் அவரை உடனே விட்டுவிட வேண்டாம், மற்ற 30ஐ 45 ஆக்கும் வரைக்கும் பொறுங்கள். தொழிற்பேட்டையில் இன்னும் இரண்டு வாசல் தட்டுங்கள்.

அடுத்தது பதிவு. உங்கள் பழைய கடையின் உரிமம் முந்தைய குடியிருப்பாளர் பெயரிலேயே இருந்தது என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியின் விலை உங்களுக்குத் தெரியுமா? 2020இல் பதிவுபெற்ற குறுந்தொழில்களுக்குக் ‘கிரான் காஸ் பிரிஹாத்தின்’ என்ற சிறப்பு மானியம் வழியாக 3,000 வெள்ளி கொடுத்தார்கள். சொக்சோவில் பதிந்த ஆட்களுக்கு, 75 பேர் வரை வேலை செய்யும் இடங்களில், ஆளுக்கு மாதம் 1,200 வெள்ளி சம்பள உதவித்தொகை வந்தது. உங்களிடம் ஆள் இருந்தது, கடை இருந்தது, பசியும் இருந்தது. தாளில் நீங்கள் இல்லை. அன்று உதவி கைக்கு எட்டாமல் போனவர்களில் நம் வட்டாரத்து வியாபாரிகள் பலரும் இப்படிப்பட்டவர்களே. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கொதிக்கிறது, ஏனென்றால் மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60.

ஆகவே பதியுங்கள். அந்தப் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரிலேயே பதியலாம். கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் வீட்டிலிருந்து நடத்தும் உணவுத் தொழிலுக்கு என்ன உரிமம் என்று கேளுங்கள். உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் நீங்கள், கணவர், அக்கா எல்லாருக்கும் வேண்டும். தெக்குன், ஸ்பூமி போன்ற சிறுதொழில் கடனுக்குப் போகிற நாளில் இந்தத் தாள்களையும் மாதாந்தரக் கணக்கையும்தான் கேட்பார்கள். கணவர் சொல்லும் கூட்டுப்பணம் மட்டும் வேண்டவே வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிடித்தவர் ஓடிப்போனால் நீங்கள் போய் நிற்க ஓர் இடம் இல்லை. வண்டித் தவணை, பழைய கடன் ஏதேனும் கழுத்தை நெரித்தால் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே.யில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். வட்டிக்காரரிடம் போவதற்கு முன்பு அங்கே போங்கள்.

உங்களுக்கு உதவ வரும் அக்காவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு 30 வெள்ளி என்றால் மணிக்கு 6 வெள்ளி. சட்டப்படி மணிக்கு 8 வெள்ளி 17 காசு; 2025 ஆகஸ்டு முதல் ஓர் ஆள் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். அவருக்கு மாதம் 1,062 வெள்ளி வர வேண்டும், 780 போகிறது. சேமநிதியும் சொக்சோவும் பகுதிநேர ஆளுக்கும் உண்டு. எல்லாம் சேர்த்தால் உங்களுக்குக் கூடுதல் செலவு 440 வெள்ளி போல் ஆகும். மேலே சொன்ன ஐம்பது காசு அதைக் கட்டிவிட்டு மிச்சமும் தரும். கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கும் பெண் அவர். நாளை கையில் ஊற்றிக்கொண்டால் சொக்சோ இல்லாமல் அவர் எங்கே போவார்? மகனுக்கும் இதே கேள்வி உண்டு. அவனைச் சம்பள ஆளாகப் பதியுங்கள், அல்லது பெர்கேசோவின் சொந்தத் தொழில் செய்வோர் திட்டத்தில் அவனுக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். அதன் மிகக் குறைந்த சந்தா மாதம் 13 வெள்ளி 10 காசு. மோட்டார் சைக்கிளில் பொட்டலம் கொண்டுபோகும் பிள்ளைக்கு இதைவிட மலிவான பாதுகாப்பை நான் பார்த்ததில்லை. கணவரும் நீங்களும் சேமநிதியில் சுயமாகக் கட்டும் ஐ-சாரானில் சேருங்கள். கட்டுவதன்மேல் அரசும் ஒரு பகுதி போடுகிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை.

கடை ஆசையை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. தனியாக எடுக்காதீர்கள் என்கிறேன். உங்கள் வட்டாரத்தில் வீட்டிலிருந்து சமைத்து விற்கும் பெண்கள் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருவர் பலகாரம், ஒருவர் நாசி லெமாக். மூன்று பேர் சேர்ந்தால் 1,400 வாடகை ஆளுக்கு 467 ஆகிவிடும், அடுப்படியும் பொதுவாகிவிடும். உங்கள் ஊர் இதற்குப் புதியதில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுத் தொழிலாளர்களை வெளியே அனுப்பிய காலத்தில், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டினார். 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் தோட்டங்களை வாங்கியது. தனித்தனியாக அவர்களில் ஒருவராலும் ஒரு காணி வாங்கியிருக்க முடியாது. மூன்று பேர் சேரும்போது பங்கு, பொறுப்பு, விலகினால் என்ன என்பதை எழுத்தில் வையுங்கள்; வீட்டுக்காரரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

எந்த வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனையைக் கேட்டு வாங்குங்கள்: அரசு ஆணையால் கடை மூடப்பட்டாலோ உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தாலோ அந்தக் காலத்துக்கு வாடகை பாதி, இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம். 2020இல் வாடகையைக் குறைத்த வீட்டுக்காரர்களுக்கு அரசு வரிச்சலுகை கொடுத்தது, ஆனால் குறைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. எல்லாம் அவரவர் மனத்தைப் பொறுத்தது என்று விட்டதில்தான் உங்கள் கடை போனது. காலியாக நிற்கும் கடைக்கு ஆள் தேடும் வீட்டுக்காரர் இப்போது இறங்கி வருவார். சாவி வாங்கிய பிறகு வரமாட்டார்.

தம்பியின் விஷயத்துக்கு நேரம் குறைவு. தானாக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்குப் பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியில் வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை கிடையாது. 2020இல் அவனுக்கு ஒன்றும் கிடைக்காமல் போனதற்கு அந்தக் கடிதம்தான் காரணம். முதலாளியே ஆட்குறைப்பு செய்தால் கதை வேறு. நான்கு ஆண்டு வேலைக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் 60 நாள்: அவன் சம்பளத்துக்கு 4,500 வெள்ளிக்குக் குறையாது. ஐந்தாண்டு முடிந்துவிட்டால் ஆண்டுக்கு 20 நாள் ஆகும், ஆகவே சேர்ந்த தேதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அதற்கான சம்பளம். அதற்குமேல் வேலைக் காப்புறுதியில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அதாவது 1,840 வெள்ளி. பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம் வரை வரலாம். இவ்வளவையும் 2,000 வெள்ளிக்கு விற்கச் சொல்கிறார்கள்.

அவன் செய்யும் அதே வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களை நிறுத்திய பிறகுதான் உள்ளூர்க்காரரை நிறுத்தலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் சொல்கிறது. இதைத் தொழிற்சாலையில் கேட்பதற்கு அவன் தயங்கினால் ஈப்போ தொழிலாளர் இலாகாவில் கேட்கட்டும். சம்பளச் சீட்டுகள், வேலை நியமனக் கடிதம், சேமநிதி அறிக்கை மூன்றையும் இன்றே வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கட்டும்; வேலை போன பிறகு அலுவலகத்துக்குள் விடமாட்டார்கள். கடிதத்தை நீட்டினால், படித்துவிட்டு நாளை தருகிறேன் என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வரட்டும். கட்டாயப்படுத்தி வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் அந்தத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் பெர்கேசோவிலும் விண்ணப்பிக்க வேண்டும், வேலைநீக்கத்தை எதிர்ப்பதானால் தொழில் உறவு இலாகாவிலும் புகார் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் அதே 60 நாள்தான்.